தோள் கேமரா

உத்திராபதி: முடியாதுன்னா முடியாதுடி மங்கலம். நீ வாங்கியாந்த புது கேமரா சோப்பு டப்பா மாரி இருக்கு. அத வெச்சுகிட்டு கல்யாண வீடியோ எடுக்கவா?

மங்கலம்: சிதம்பரத்துல எல்லா வீடியோக்காரனும் டிஜிட்டலுக்கு மாறிட்டான் மாமா. நீதான் இன்னும் பெரிய கேசட்ட...

உத்திராபதி: இந்தப் பழைய கேமராவத் தோள்ல ஏத்துனா மண்டபமே திரும்பிப் பாக்கும். ஐயரே என்னப் பாத்துட்டுத்தான் கெட்டிமேளத்துக்குக் கை காட்டுவாரு. டப்பாவோட நின்னா, எவனோ சொந்தக்காரன்னு தள்ளி வுட்ருவாங்க.

மங்கலம்: நீயும் தள்ளிட்டு முன்னாடி போ.

உத்திராபதி: வாயப் பாரு...

மங்கலம்: வெள்ளிக்கெழம நெல்லிக்குப்பம் கல்யாணம். சிடிதான் வேணும்னு சொல்லிட்டாங்க.

உத்திராபதி: மிக்சிங் கடையில குடுத்தா சபாபதி சிடியா மாத்தித் தரப் போறான்.

மங்கலம்: மாத்துனா கலங்கலா வருதாம். அவனே சொல்றான்.

உத்திராபதி: எது கலங்கல்? போன கல்யாண கேசட்டயா சொன்னான்?

மங்கலம்: பொதுவா சொன்னான்.

உத்திராபதி: ம்...

மங்கலம்: புதுசுல பக்கத்துல சின்ன கதவு மாரி தொறக்குது. அதுல படம் கலர்லயே தெரியுது. ஓட்டையில கண்ண வெச்சு அழுத்த வேணாம். ரெண்டு கண்ணாலயும் பாக்கலாம்.

உத்திராபதி: குறி வெக்கிறவனுக்கு ஒரு கண்ணு போதும்.

மங்கலம்: எந்தக் கண்ணு?

உத்திராபதி: வலதுதான். இதுல வேற கண்ண வெக்க முடியாது. தோள்ல இருக்குல்ல... ஏன் கேக்குற?

மங்கலம்: சும்மாதான்.

உத்திராபதி: சரி. பொங்கல் கழியட்டும், பாப்போம்.

மங்கலம்: வெள்ளிக்கெழம நீ இத எடுத்துட்டுப் போக முடியாது. வித்துட்டேன்.

உத்திராபதி: என்னாது? எவனுக்கு?

மங்கலம்: மஞ்சக்குப்பம் நாடகக்காரங்களுக்கு. சாயங்காலம் வந்து எடுத்துக்குவாங்க.

உத்திராபதி: அவனுங்க என்னாத்த எடுக்கப் போறானுங்க?

மங்கலம்: எடுக்கல. வீடியோக்காரன் வேசம் கட்டுறவருக்குத் தோள்ல வெச்சுக்கணுமாம்.

உத்திராபதி: அடிப்பாவி! நம்ம வயித்துக்குச் சோறு போட்டதுடி அது. வேசத்துக்கா குடுத்த? என்ன ஒரு வார்த்த கேட்டியா?

மங்கலம்: கேட்டா மட்டும்? நீ சொன்னியா எங்கிட்ட?

உத்திராபதி: என்னாத்த?

மங்கலம்: சபாபதி போன கல்யாண கேசட்டப் போட்டுக் காட்டுனான் மாமா. மாப்ள தாலி கட்டுறான்... பொண்ணையும் காணோம், தாலியையும் காணோம். பின்னாடி நாத்தனா புடிச்சிருந்த வெளக்கத்தான் கடைசி வரைக்கும் எடுத்திருக்க. போட்டோ ஸ்டூடியோவுல கெஞ்சி, தாலி கட்டுற போட்டோவ வாங்கி அந்த எடத்துல ஒட்டிக் குடுத்தான். ஏன் மாமா வெளக்கையே எடுத்த?

உத்திராபதி: அந்த வலது கண்ணுக்கு அது ஒண்ணுதான்டி தெரிஞ்சுது... புதுச எங்க வெச்சிருக்க? கொண்டா.