சுடுதண்ணீரில் முக்கிய கொழுந்து

“இதக் கொன்னுட்டியேம்மா!”

பேராதனை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில், கெம்பஸில் படிக்கும் மகள் தாயிடம் சொன்னாள். அவள் கையில் ஒரு பை தேயிலைக் கொழுந்து.

“வாடாம இருக்கட்டும்னுதான் சுடுதண்ணியில முக்குனேன்டி.”

“கசக்குனா கொழுந்து செவக்கிறது உள்ள இருக்கிற நொதியத்தாலம்மா. சூடு பட்டா அது செத்துரும். நாளைக்குப் பரீட்சையில கொழுந்து செவக்கிறதத்தான் செஞ்சு காட்டணும்.”

ரம்பொடையில் தாய் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். இறங்கி, ரோட்டோரத் தேயிலையில் ஒரு பிடி கிள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

“தோட்டத்துக் கங்காணி கண்டா பஸ்ஸையும் சேத்துப் புடிப்பாரு!” என்றார் கண்டக்டர்.

தாய் பழைய கொழுந்தை ஜன்னலால் வீசப் போனார். மகள் தடுத்தாள்.

“இதுவும் வேணும்மா. செத்தது பக்கத்துல இருந்தாத்தான், உசுரோட இருக்கிறது என்ன செய்யுதுன்னு தெரியும்.”