டி.வி. கேமுக்கு ரெண்டு நாப்பு

— கேமுக்குப் பெட்டின்னு தனியா காசு எதுக்கு மெக்கானிக்கு? அந்தா மூலையில கெடக்கே பழைய ரேடியோ, அதோட கூட்டக் கழட்டிப் போட்டா ஆவாதா?

— ஆவும் ராசாங்கண்ணே. நான் வேணாங்கலியே. பெட்டி பழசு, ஸ்பீக்கர் பழசு, ஒயரும் பழசு. இந்தக் குருநாதன் கடையில புதுசுன்னு எதைத்தான் வாங்கப் போறீங்க, அதையாவது சொல்லுங்க பாப்பம்.

— சொல்றேன். மூளைன்னு ஒண்ணு காமிச்சீங்களே, பூரான் மாதிரி காலு காலா…

— சிப்பு.

— அது புதுசா இருக்கணும். அதுல நான் கை சுருக்க மாட்டேன். எம்பொண்ணு வேம்பு நாளைக்குக் கண்ணாலமாயிப் புருசன் வூட்டுக்குப் போறப்ப இந்த கேமயும் தூக்கிட்டுப் போவணும், பின்ன!

— ஏங்க, செத்த சும்மா இருங்களேன். தம்பி, பழைய சிப்பு ஒண்ணு கையில இருக்குன்னீங்களே, அது என்னாச்சு?

— இருக்குக்கா. ரிப்பேருக்கு வந்த ஒரு கேம் பெட்டியிலேந்து கழட்டி வச்சது. நல்லாத்தான் ஓடுது. ஆனா சூடாவுது பாத்துக்கங்க. நாலு மாசமும் ஓடும், பாதியிலயும் நின்னுடும். கேரண்டி குடுக்க மாட்டேன்.

— கேட்டியா ஆண்டாயி? பாதியில நிக்கறது நமக்கு எதுக்கு? புதுசுன்னா எப்ப வரும் மெக்கானிக்கு?

— மெட்ராஸுக்கு எழுதிப் போடணும்ணே. பார்சல் வந்து சேர ஒரு மாசம் புடிக்கும்.

— புடிக்கட்டும். ஒரு மாசந்தானே, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்.

— ஒரு மாசமா? வேணாம் தம்பி. பழசே போடுங்க.

— இவளுக்கு எதுலயும் அவசரம். ஒலையில அரிசி போட்டதுமே சோத்த எறக்கறவ. நீங்க புதுசு எழுதுங்க மெக்கானிக்கு. கரண்டுக்கு என்ன வழி? பேட்டரிக் கட்டையா?

— கட்டை வாங்கிக் கட்டுப்படியாவாது. சின்னதா ஒரு எலிமினேட்டர் பண்ணித் தரேன், நேரா பிளக்குல சொருகிக்கலாம். வூட்டுல டி.வி. இருக்குல்ல?

— இருக்கு. குவாரி சூப்பர்வைசரு கலர் டி.வி. வாங்குனாரு, பழைய கருப்பு வெள்ளைய எனக்குத் தள்ளிட்டாரு. படம் பாதி, புள்ளி பாதி. காத்தடிச்சா அந்தப் பாதியும் போயிடும். கேமும் அப்படித்தான் தெரியுமோ?

— இதுக்கு ஆன்டெனாவே வேணாம்ணே. புயலே அடிச்சாலும் பந்து பளிச்சுன்னு ஓடும். ஆமா, பொண்ணுக்கு இப்ப ஒடம்பு எப்படி? எதுத்த டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கறதுதானே? தூக்கிட்டு வந்தத பாத்தேன்.

— இனிமே என்ன கவல! நெஞ்சுல கோளாறுன்னு சித்திரையிலேந்து திருச்சி ஆஸ்பத்திரியே கதின்னு கெடந்தோம். போன வாரம் பெரிய டாக்டரே வந்து, வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாரு. பத்தியங்கூட கெடையாது மெக்கானிக்கு! பொண்ணு எது கேட்டாலும் வாங்கிக் குடுங்கன்னாரு. சரியாவாமலா அனுப்புவாங்க, பின்ன! கல்லங்குறிச்சி பெருமாளுக்கு வேண்டுனது வீண் போவல. அறுப்பு முடிஞ்சதும் ஒரு மூட்ட நெல்லு கோயில்ல கொட்டறேன்.

— நல்ல சேதிண்ணே. கேமுதான் கேட்டுச்சா?

— அதான் கேட்டுச்சு. பக்கத்துக் கட்டில் பொண்ணோட மாமன் சிங்கப்பூர்லேந்து கொண்டாந்திருந்தான். நர்சம்மா ரூம்பு டி.வி.யில மாட்டி ரெண்டும் ஆடுச்சுங்க. ஊசி போட்ட வலியெல்லாம் மறந்துபோயி அப்படி ஒரு சிரிப்பு.

— இது ரெண்டு பேரு ஆடற ஆட்டம்தாண்ணே. ஆளுக்கொரு மட்டை, நடுவுல பந்து. ரேடியோவுல சத்தம் கூட்டத் திருகுவமே, அந்த மாதிரி ஆளுக்கொரு நாப்பு. திருகுனா மட்டை ஏறும், எறங்கும். எதுத்தாப்ல யாரு உக்காருவா? நீங்களா, அக்காவா?

— நானா? நல்ல கதை. கல்லு ஒடச்சு ஒடச்சு எனக்கு வெரலே மடங்கல. இவ ஆடட்டும்.

— கரண்டு சாமானத் தொட்டாலே எனக்குக் கை நடுங்கும் தம்பி. அக்கம்பக்கத்துப் புள்ளைவ வரும், அதுவகூட ஆடிக்கும்.

— அப்ப நாப்பு எது வைக்கட்டும்? பெருசும் இருக்கு, சின்னதும் இருக்கு.

— சின்னதே வைங்க. அவ வெரலெல்லாம் குச்சியாப் போயிடுச்சு. இந்தா, இது ரெண்டும் போதும்.

— சரி, நீ பாத்து எடு. நான் போயி பீடி வாங்கிக்கிட்டு, வேம்புக்கு ஒரு கலரு சோடா குடுத்துட்டு வரேன். மெக்கானிக்கு, மறந்துடாதீங்க. புதுசு!

— சரிண்ணே.

— போயிட்டாரா தம்பி?

— போயிட்டாருக்கா. ஏன்?

— ஒங்க காலத் தொட்டுக் கேக்கறேன். அவரு சொல்றத கேக்காதீங்க. பழசையே போட்டு இந்த வெள்ளிக்கெழம குடுத்துடுங்க.

— ஐயய்யோ, என்னக்கா பெரிய வார்த்தையெல்லாம்! ஒண்ணு பண்ணுவம். சிப்ப ஈயம் வச்சு ஒட்டாம, அடியில ஒரு சாக்கெட்டு வச்சுடறேன். இப்போதைக்குப் பழசு ஓடட்டும். புதுசு வந்தா இதப் புடுங்கிட்டு அதச் செருகிடலாம். அண்ணனுக்கும் மனசு ஆறும், பாத்துக்கங்க.

— புதுசு எதுக்குத் தம்பி?

— ஏங்க்கா?

— சரியாயி அனுப்பல. என்னத் தனியாக் கூப்ட்டுத்தான் டாக்டரு சொன்னாரு. ஆபரேசன் தாங்காதும்மா, இனிமே எங்க கையில இல்ல, இந்த மாசம் தாண்டறதே கஷ்டம், ஆசப்பட்டதக் குடுத்து வூட்டுல வச்சுப் பாத்துக்கங்கன்னு.

— அண்ணனுக்குத் தெரியுமாக்கா?

— அவருகிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்? பஸ்ஸுல பக்கத்துல உக்கார்றவங்கிட்டயெல்லாம் நெல்லு கொட்டறேன், நெல்லு கொட்டறேன்னு சொல்லிக்கிட்டு வராரு. சொன்னா அந்த மனுசன் ஒடஞ்சு போயிடுவாரு. ராவுல முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டுப் படுத்திருக்கேன் தம்பி. ஒரு மாசம் பார்சலுக்குக் காத்திருந்தா எம்புள்ள அந்தப் பந்தப் பாக்குமா, பாக்காதான்னு…

— அக்கா, போதும். அண்ணன் வாசல்ல நிக்கறாரு.

— ஏங்க! எப்ப வந்தீங்க?

— இப்பத்தான்.

— பீடி?

— மறந்துட்டேன்.

— வேம்புக்குக் கலரு?

— ம்? இல்ல. வாங்கல. மெக்கானிக்கு…

— சொல்லுங்கண்ணே.

— பழசையே போட்டுடுங்க.

— சரிண்ணே.

— வெள்ளிக்கெழம வரைக்கும் வேணாம். நாளைக்கு ஆவுமா?

— இன்னைக்கு வேற வேலையே தொட மாட்டேன். நாளைக்குக் காலையில வாங்க, ஓடவிட்டுக் கையில தரேன்.

— மெட்ராஸுக்கு எழுத வேணாம்.

— புதுசுதான் வேணும்னு நின்னீங்களேங்க.

— வேணாம் ஆண்டாயி. அம்புட்டு நாளு யாரு காத்துக்கிட்டுக் கெடக்கறது?

— ஏன் மொகம் ஒரு மாதிரி இருக்கு?

— வெயிலு. நான் போயி ஆலத்தியூர் பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கறேன். நீ மருந்து வாங்கிக்கிட்டு வா.

— மருந்து… சரிங்க, வாங்கியாறேன். வேம்ப இங்க கடைக்குள்ள உக்கார வைங்க, டீக்கடையில புகையா இருக்கு. தம்பி, செத்த நேரம் பாத்துக்கங்க. இதோ வந்துடறேன்.

— இப்படி எறக்கி உக்கார வைங்கண்ணே. நான் பாத்துக்கறேன், போயிட்டு வாங்க. வா வேம்பு, மெதுவா சாஞ்சுக்க. மூச்சு வாங்குதா?

— அது எப்பவும் வாங்கறதுதாண்ணே. இதுதான் சிப்பா? பூரான் மாதிரி இருக்கு.

— ஒங்கப்பாவும் அதையேதான் சொன்னாரு. இது பழசு. நாளைக்கே ஒனக்கு ஓடும். புதுசுன்னா மெட்ராஸ்லேந்து வர ஒரு மாசம் ஆவும். அதான், ஒங்கப்பாவும் வேணாம்னுட்டாரு.

— அப்பாவா? அப்பாவா வேணாம்னாரு?

— ஆமாம்மா.

— ம். நாப்பு எது?

— இது ரெண்டும். ஒங்கம்மா எடுத்துக் குடுத்தது. ஒன் வெரலுக்குத் தோதா இருக்கும்.

— வேணாம்ணே. பெருசு வைங்க. ரெண்டுமே பெருசு.

— ஒன் கைக்குள்ள அடங்காதே, கண்ணு.

— அப்பாவுக்கு வெரலு மடங்காது. அம்மாவுக்குக் கை நடுங்கும். சின்னதுன்னா அவங்களுக்குப் பிடி கெடைக்காது.

— அவங்க ரெண்டு பேரும் ஆடமாட்டோம்னு சொல்லிட்டாங்களே?

— இப்ப ஆடமாட்டாங்க. என்னோட ஆடுனுச்சே, பக்கத்துக் கட்டில் பொண்ணு, அதையும் வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுதான் டாக்டரு சொன்னாரு. ஆசப்பட்டதக் குடுங்கன்னுதான் சொன்னாரு. அது கெளம்பறதுக்குள்ளயே கட்டிலு காலியாயிடுச்சு, பொறவு அதோட மாமா மட்டும் வந்து தட்டு, தம்ளரெல்லாம் எடுத்துட்டுப் போனாரு.

— ஒனக்குத் தெரியும்னு ஒங்கப்பா, அம்மாவுக்குத் தெரியுமா?

— அவங்ககிட்ட சொல்லிடாதீங்கண்ணே. தெரிஞ்சா வூட்டுல ஆளுக்கொரு மூலையில சொவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்துடுவாங்க. இப்பவே நான் கூப்ட்டாத்தான் ரெண்டு பேரும் ஒரு எடத்துக்கு வராங்க. இந்தப் பழசு எத்தன நாளைக்கு ஓடும்?

— சொல்ல முடியாது தாயி. நாலு மாசம்… கேரண்டி இல்ல.

— அப்ப மெட்ராஸுக்கு எழுதிடுங்கண்ணே. எனக்குப் பழசே போதும். புதுசு வந்ததும் அவங்களுக்கு மாத்திக் குடுத்துடுங்க.