இளையவள் இனிப்புத் திருடவில்லை: மருத்துவர் அம்மாவுக்கு எங்கள் மடல்

பால்பல் பருவத்துப் பிள்ளைகளின் பயம் போக்கிய பண்பாளரே! அழுதுகொண்டே வந்த அரும்புகளை அசட்டுச் சிரிப்போடு அனுப்பிவைத்த அன்புள்ளமே! முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இம்மருத்துவமனையின் குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவைச் சொந்த வீடுபோல் காத்து, இன்று பணி நிறைவு பெற்று விடைபெறும் எங்கள் மருத்துவர் அம்மா அவர்களே! வணக்கம்.

தங்களுக்கென்று நாங்கள் முதலில் எழுதிய மடல் இதுவன்று. அது இதைவிட அலங்காரமானது. கருணைக் கடல், கடமைச் சிகரம், பொறுமைப் பெட்டகம் என்று அடைமொழிகளை அடுக்கி, அழகாக அச்சடித்து, பெரிய தெருவில் இருக்கும் படச்சட்டக் கடைக்கு எடுத்துப்போனோம். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார்.

“எழுத்தெல்லாம் ஜோரா இருக்கு. ஆனா இதை யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாமே! பேங்க் மேனேஜருக்குக் குடுத்தாலும் பொருந்தும். எங்க டாக்டரம்மா இதுல எங்க இருக்காங்க?”

எங்கள் முகம் சுண்டிப்போனது. “உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?” என்று கேட்டோம். அவர் மரத்தூளைத் தட்டிவிட்டு, உட்கார ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டார். அவர் சொன்னதில் பாதி தாங்கள் அறிந்தது; மறுபாதி தங்கள் அறைக்கு வெளியே நடந்தது. பழைய மடலை ஓரமாக வைத்துவிட்டு, அவர் கதையையே இங்கே வாசிக்கிறோம்.

சட்டக் கடைக்காரருக்கு இரட்டைப் பெண்கள். சில நிமிடம் முன்னால் பிறந்துவிட்ட உரிமையில் தன்னை அக்கா என்று கூப்பிடச் சொல்லி அதிகாரம் செய்பவள் மூத்தவள். அதற்கும் தலையாட்டிவிட்டுப் போகிறவள் இளையவள். இருவருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே பற்பசை, ஒரே படுக்கை. ஆனால் மூத்தவளின் பற்கள் பளிச்சென்று இருக்க, இளையவளின் வாயில் மட்டும் சொத்தைக்கு மேல் சொத்தை. இங்கே வந்து அடைப்பார்கள். கொஞ்ச நாள் கழித்து, அடைத்த இடத்தின் ஓரத்திலேயே கறுப்பு எட்டிப் பார்க்கும். மறுபடியும் வருவார்கள்.

அப்பாவுக்கு மண்டை காய்ந்தது. ஒரே வயிற்றில் பிறந்து ஒன்றாக வளரும் பிள்ளைகளில் ஒருத்திக்கு மட்டும் ஏன்? கூடவே வசிக்கும் அவருடைய தங்கை, பிள்ளைகளின் அத்தை, பளிச்சென்று விடை சொன்னாள். “இதுல என்ன யோசனை? இவ யாருக்கும் தெரியாம இனிப்பை எடுத்துத் தின்னுறா. அமைதியா இருக்கிற பிள்ளைங்களை நம்பவே கூடாதுண்ணே!”

அந்தப் பேச்சு அவர் மனத்தில் முள்ளாகத் தைத்துவிட்டது. சர்க்கரை டப்பா அலமாரியின் உச்சிக்குப் போனது. பள்ளிப் பையைத் துழாவினார். வாயை முகர்ந்து பார்த்தார். எதுவும் அகப்படவில்லை. அகப்படாததே அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மறைக்கிறாள்! “நான் எடுக்கலப்பா” என்று இளையவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள். கேட்டால் தரையைப் பார்ப்பாள்.

ஒருநாள் காலையில் அவள் கன்னம் வீங்கிச் சிவந்திருந்தது. கடைவாய்ப் பால்பல் ஒன்று வேர்வரை கெட்டிருந்தது. தங்கள் நாற்காலியில் அவளை உட்காரவைத்ததும், பயமும் கோபமும் ஒன்றாகக் கலந்து, வரிசையில் இருந்தவர்கள் காதில் விழும்படி அப்பா கத்திவிட்டார்: “பல்லைப் பாத்து என்ன பிரயோஜனம் டாக்டர்? இது திருட்டு வாய்!”

மருத்துவர் அம்மா அவர்களே! தாங்கள் எடுத்த கருவியைத் தட்டில் திரும்ப வைத்தீர்கள். தங்கள் குரல் உயரவில்லை என்று அவர் சொன்னார். உயர்ந்திருந்தால் தானும் பதிலுக்குக் கத்தியிருப்பாராம்.

“அந்த வார்த்தை வேண்டாம். இதுவரைக்கும் நாம ஓட்டையைத்தான் அடைச்சிருக்கோம். ஓட்டை ஏன் விழுதுன்னு இன்னும் கண்டுபிடிக்கலை. முதல்ல அதைப் பாப்போம்.”

கெட்டுப்போன பல்லை வலி தெரியாமல் மரத்துப்போகச் செய்து எடுத்தீர்கள். அதற்குமுன் நடந்ததுதான் அவருக்கு மறக்கவில்லை. வாய்க்குள் விட்ட சிறு கண்ணாடி கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டது. ஈரமே இல்லை. உதடு வெடித்திருந்தது. “வாயை மூடிக்கிட்டு மூக்கால மூச்சு விடு, கண்ணம்மா” என்றீர்கள். அவள் முயன்றாள், முகம் சிவந்ததே தவிர மூச்சு வரவில்லை. சட்டென்று வாயைத் திறந்துவிட்டாள்.

வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவளைத் தாங்கள் உள்ளே கூப்பிட்டீர்கள். “நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே படுக்குறீங்க? உன் தங்கச்சி எப்படித் தூங்குவா?”

“வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குவா டாக்டர். குறட்டை வேற! அப்பாவையே தோக்கடிச்சிடுவா.”

அறையே சிரித்தது. தாங்களோ சிரிப்போடு சிரிப்பாக அடுத்த கேள்வியைக் கேட்டீர்கள். “அப்போ அவளுக்கு நிறையத் தாகம் எடுக்குமே?”

“ஆமா. எப்பவும் கையில பாட்டில்தான். ஒரு வாய் குடிப்பா, மூடி வைப்பா, திரும்பத் திறப்பா.”

“பாட்டில்ல என்ன இருக்கும்?”

“ஆரஞ்சு ஜூஸ். அப்பாதான் கலந்து தருவாங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவின் வாயில் வார்த்தை தடுமாறியது. “லேசாத்தான் டாக்டர் கலப்பேன்... சும்மா தண்ணி குடுத்தா குடிக்க மாட்டேங்குறா. பழம்தானேன்னு...”

அப்போது தாங்கள் சொன்னதை அவர் ஏறக்குறைய அப்படியே எங்களிடம் ஒப்பித்தார். “பல்லுக்குக் காவல் எச்சில்தான். இனிப்பு உள்ளே போனதும் வாயில புளிப்பு ஏறும், பல்லு கொஞ்சம் கரையும். எச்சில் வந்து அந்தப் புளிப்பைக் கழுவி, கரைஞ்ச இடத்தைத் திரும்பக் கெட்டியாக்கும். அதுக்கு நேரம் வேணும். இவளுக்கு மூக்கு அடைச்சிருக்கு, அதனால வாய் காயுது. வாய் காய்ஞ்சா தாகம். தாகத்துக்கு ஒரு வாய் ஆரஞ்சு. எச்சிலுக்கு வேலை செய்ய நேரமே கிடைக்கலை. எவ்வளவு குடிக்கிறான்னு பாக்காதீங்க, எத்தனை தடவைன்னு பாருங்க. இதுல திருட்டும் இல்ல, தப்பும் இல்ல.”

தப்பு இல்லை என்று தாங்கள் சொன்னதுதான் அவருக்கு அதிகமாகச் சுட்டது. பள்ளி விட்டதும் மூத்தவள் தெருவில் விளையாடப் போய்விடுவாள்; இளையவளோ அப்பாவின் பக்கத்திலேயே, சட்டம் அறுக்கும் இயந்திரத்துக்கு அருகில், மரத்தூளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். ஓயாமல் தும்முவாள். சளி என்று நினைத்து அதையும் அவர் பெரிதுபடுத்தவில்லை. தன்னைவிட்டு நகராத பிள்ளையையா திருடி என்றோம் என்று நொந்துபோனார்.

மருத்துவமனைப் படிக்கட்டில் இறங்கும்போதே அவர் அவள் முன்னால் உட்கார்ந்துவிட்டார். “அப்பாதான் தப்பா நெனச்சிட்டேம்மா. நீ நிஜத்தைத்தான் சொல்லியிருக்க.”

வாயில் பஞ்சு இருந்ததால் இளையவளுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. “அப்போ சர்க்கரை டப்பாவைக் கீழ வைங்க. அம்மா பாவம், தினமும் ஸ்டூல் மேல ஏறுறாங்க” என்றாள். அவர் அங்கேயே அழுதுவிட்டார்.

பிறகு எல்லாம் மளமளவென்று சரியாகிவிடவில்லை. தாங்கள் அனுப்பிய காது மூக்குத் தொண்டை மருத்துவர், தூசு ஒத்துக்கொள்ளாததுதான் மூக்கடைப்புக்குக் காரணம் என்று மருந்து கொடுத்தார். அறுக்கும் இயந்திரம் கடையின் பின்கட்டுக்குப் போனது. நடுவே ஒரு கதவு வந்தது. பாட்டிலில் வெறும் தண்ணீர் வந்ததும் இளையவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். பாவம் பார்த்த அத்தை, அண்ணனுக்குத் தெரியாமல் பழையபடி ஆரஞ்சு கலந்து கொடுக்கத் தொடங்கினாள். அடுத்த பரிசோதனையில், புதிதாக முளைத்திருந்த கடைவாய்ப் பல்லில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் ஒரு வெள்ளைத் திட்டு.

“விழுந்து முளைக்கிற பல்லுதானே டாக்டர்?” என்று அப்பா ஆறுதல் தேடினார்.

“இல்லை, இது விழாது. வாழ்நாள் முழுக்க இவ மெல்லப்போறது இதாலதான். ஆனா பயப்படாதீங்க, திட்டுதான் வந்திருக்கு, இன்னும் ஓட்டை விழலை. இந்தக் கட்டத்துல பல்லைத் திருப்பிக் கொண்டுவர முடியும்.”

ஆரஞ்சு விஷயம் வெளிவந்ததும், அத்தையையும் அழைத்துவரச் சொன்னீர்கள். குற்றவாளியைப் போல வந்தவளுக்கு அந்தத் திட்டைக் கண்ணாடியில் காட்டி, “இதைக் காப்பாத்துற பொறுப்பு உங்களுது” என்று ஒப்படைத்தீர்கள். அன்றிலிருந்து அத்தைதான் காவல்காரி. ஃப்ளோரைடு உள்ள பற்பசையால் இரவில் பெரியவர் ஒருவரே தேய்த்துவிட வேண்டும், நுரையைத் துப்பிய பிறகு தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது, அதற்குமேல் தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது, இனிப்பு வேண்டுமென்றால் சாப்பாட்டோடு சேர்த்து என்று தாங்கள் சொன்னவற்றை, இப்போது கடைக்கு வருகிற வாடிக்கையாளர்களுக்கும் அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். தாங்களும் பல்லுக்குப் பூச்சு பூசி, மெல்லும் பரப்பில் இயல்பாக உள்ள பள்ளங்களை மூடி, விடாமல் கூப்பிட்டுப் பார்த்தீர்கள். திட்டு மெல்ல மங்கிப் பளபளப்பானது.

கடைசியாக வந்தபோது தாங்கள் வாய் முழுக்கப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தீர்கள். “இன்னிக்கு எனக்கு வேலையே இல்லை. எழுந்து போய் விளையாடு” என்றீர்கள். இளையவள் குதித்து ஓடிவிட்டாள். அப்பாவுக்குத்தான் நம்பிக்கை வராமல், “ஒண்ணுமே செய்ய வேண்டாமா?” என்று மறுபடி மறுபடி கேட்டாராம்.

பெருமதிப்பிற்குரிய அம்மா! ஒரு குடும்பம் இப்படி. பெயரும் முகமும் நினைவில் நில்லாத குடும்பங்கள் எத்தனையோ! இன்று காலை, விழாவுக்காகத் தங்களை அரங்குக்கு அழைத்துச் சென்ற பிறகு, அடைத்த பல் மறுபடியும் கெட்டுப்போன ஒரு சிறுமியோடு ஒரு தாய் வந்தார். உட்காரும் முன்பே, “என் வளர்ப்புதான் சரியில்லை டாக்டர்” என்று கண்கலங்கினார். எங்களில் மிக இளைய மருத்துவர் கருவியைத் தொடவில்லை. நாற்காலியைத் தாயின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “அதை விடுங்கம்மா. இவ ராத்திரி எப்படித் தூங்குறா, அதைச் சொல்லுங்க” என்றார். அந்தத் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். தாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உடல் நலமும் உள்ள நிறைவும் ஒருங்கே பெற்று, உற்றார் உறவினரோடு நெடுங்காலம் மகிழ்ந்திருங்கள்! கல்யாண வீட்டுப் பந்தியில் கூட வாயைத் திறந்து காட்டி, “இந்தப் பல்லைக் கொஞ்சம் பாருங்க டாக்டர்” என்று கேட்கும் உறவினர்களிடமிருந்து தங்களுக்கு விடுதலை கிடைக்கட்டும்! கிடைக்காது என்று எங்களுக்குத் தெரியும்; தாங்களும் பார்க்காமல் இருக்கப்போவதில்லை.

என்றும் தங்கள் அன்பில்,
குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர், உதவியாளர், துப்புரவுப் பணியாளர் அனைவரும்