நாலாங்காலுக்கு லாடம்

விளக்கச் சித்த எறக்கி வையுங்க. காத்துல அணைஞ்சா அப்பறம் என்னையத்தான் திட்டுவீங்க.

எழுவத்தி நாலு, ஐப்பசி. ராத்திரி பன்னெண்டரை இருக்கும். வேலந்தாவளத்துல இருந்து மேக்கால போற வண்டித்தடம்... ரெண்டு பக்கமும் பனை. ஒரு குஞ்சு குருவி இல்லை. நம்ம பொங்கியண்ணனோட பெரியப்பா நஞ்சப்பன் தனியா நடந்து போறாரு. எங்க? பூட்டிக் கெடக்கற கொல்லுப்பட்டறைக்கு... திருட.

சிரிக்காதீங்க. திருடப் போனது ரெண்டே ரெண்டு லாடம்.

அதுக்கு ஆறு வருசம் முன்னாடி, சந்தைக்குப் போற அவசரத்துல அந்தப் பட்டறைலதான் அவரு காளைக்கு லாடம் அடிச்சாரு. காலுக்கு ரெண்டு, மொத்தம் எட்டு. மாட்டைச் சாச்சு, நாலு காலையும் சேத்துக் கட்டி, மூணு காலு முடிஞ்சிது. நாலாங்காலைத் தொடறப்ப சென்னிமலை ஆசாரி நெஞ்சைப் புடிச்சுட்டுச் சாஞ்சுட்டாரு. தண்ணி கேட்டாரு. நஞ்சப்பன் கட்டை அவுத்து மாட்டை ஓட்டிட்டுப் போயிட்டாரு. பாவி மனுசன்! ஆசாரி அங்கயே செத்துக் கெடந்தாரு.

அன்னைக்கு இருந்தபடியே பட்டறைய வெச்சிருந்தாங்க ஆசாரியோட சம்சாரம் பூவாத்தாள். உலைல அதே சாம்பல். சம்மட்டி விழற அடைகல் மேல மிச்ச ரெண்டு லாடம். நஞ்சப்பனுக்கோ அந்த எடத்துல அரவை மில்லு போடோணும். போய்க் கேட்டதுக்கு அந்தம்மா ஒண்ணுதான் சொன்னாங்களாம்.

"அந்த ரெண்டும் சேர வேண்டிய கால்ல சேரட்டுங்க. அப்பறம் இடிச்சுக்குங்க."

மாடு வித்து எந்தக் காலம்! லாடமே இல்லீன்னா இந்தப் பேச்சும் இருக்காதுன்னு நெனைச்சாரு.

ஓட்டைப் பிரிச்சு உள்ள எறங்குனாரு. கரி வாசம்... ஆறு வருசமாத் தீயே காணாத பட்டறைல. லாடத்தைத் தொட்டாரு.

சுட்டுது.

துண்டுல சுருட்டிட்டு, ஓட்டைப் பழையபடி அடுக்கிட்டு, ஓட்டமும் நடையுமா வந்தாரு. பின்னாடி ஒரு சத்தம்.

டக்... டக்... டக்... தொப்.

மூணு காலு லாடம். ஒண்ணு வெறுங்காலு. திரும்பிப் பாத்தா தடம் காலி.

ஊட்டுக்குள்ள பூந்து தாப்பாள் போட்டு, சம்சாரம் கருப்பாத்தாள்கிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதாராம். அவங்களுக்கும் கேட்டுச்சு... வாசல்லயே சுத்திச் சுத்தி. டக். டக். டக். தொப். விடியக்காலம் சித்த கண்ணசந்துட்டாங்க.

முழிச்சா கட்டல்ல ஆளில்லை. லாடமும் இல்லை. உள்தாப்பாள் போட்டபடியே இருக்குது.

தேடிட்டு நேராப் பட்டறைக்கு ஓடுனாங்க. பூட்டைப் பூவாத்தாள்தான் தொறந்துவிட்டாங்க. உள்ள கெடந்தாரு. கையும் காலும் ஒண்ணாச் சேத்து... மாட்டைச் சாச்சுக் கட்டற அதே கட்டு. உசுரு இல்லை. இடது உள்ளங்கால்ல ரெண்டு லாடம் அடிச்சிருந்துச்சு.

பொங்கியண்ணன் கிட்ட நின்னு பாத்தவன். மாட்டுக் குளம்புக்குன்னு அடிச்ச லாடம்தான்... ஆனா அந்தக் காலுக்கு ஒரு நூல் கூடலை, ஒரு நூல் கொறையலைங்கறான்.

பூவாத்தாள் குனிஞ்சு பாத்தாங்களாம். அழுதுட்டு நின்ன கருப்பாத்தாள் கைல சாவிய வெச்சாங்க.

"சேந்துருச்சு அம்மிணி. இனி இடிச்சுக்குங்க."