பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒரே லைன்

காந்திபுரத்தில் ஏறிய பஸ்ஸில், முன் சீட்டு ஆசாமிகள் இருவரும் வீட்டிலுள்ள இரண்டு கிழவர்களைத் தீர்த்துக்கட்டப் போகிறார்கள் என்றே முதலில் நம்பினேன். ஒருவர் மடியில் ஒயர்ச் சுருள் வேறு.

"ஏனுங்க, ரெண்டு பேருக்கும் வயசாயிருச்சு. ஒரே லைன் தாங்குமுங்களா?"

"தாங்குமுங்க. பெரியவருக்குக் குடுத்துப்போட்டு, அவருகிட்டயிருந்து சின்னவருக்கு ஒயரை இழுத்துரலாம்."

"பெரியவரை நிறுத்திப்போட்டா?"

"சின்னவருக்கும் போயிருமுங்க."

கண்டக்டரிடம் சொல்ல எழுந்தேன். சீட்டு போய்விடுமே என்று மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

"ஊட்டுல அம்மணி போனை எடுத்தா?"

"போன் லைன்லதானுங்களே இன்டர்நெட் வருது. ரெண்டு கம்ப்யூட்டர்லயும் கட்டாயிருமுங்க."

"கெடக்குதுங்க. பொண்ணும் பையனும் அடிச்சுக்காம இருந்தாப் போதும்."

எங்கள் ஊரில் பழைய கம்ப்யூட்டருக்கும் மரியாதை உண்டு என்பதை மறந்துவிட்டேன்.

இருவரும் பீளமேட்டில் இறங்கினார்கள். நானும் அங்கே இறங்க வேண்டியவன்தான். அவர்களோடு இறங்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன்.