சம்பந்தி படகுக்கு முதல் வழி

ராயபுரம் டிராமில் எனக்கு முன்னால் ஒரு நெட்டுக்குப்பத்து மீன்காரரும், எண்ணூரில் பொழுதுபோக்குக்குப் பாய்ப்படகு விடும் ஆபீஸ்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“பொண்ணு குடுத்தவன்தான் சார் படக ஒதுக்கணும்” என்றார் மீன்காரர்.

“எதிரெதிரே வந்தா ஆளுக்கு வலப்பக்கம் ஒதுங்கணும்யா. அதான் ரூல்.”

“அது அசலாருக்கு சார். எங்களாண்ட, பொண்ணு எடுத்தவனுக்குத்தான் மொதல் வழி.”

“அப்போ நேத்து உன் படகும் எதிர்ல வந்த படகும் ஏன் முகத்துவாரத்தை அடைச்சுக்கிட்டு நின்னுது?”

“என் பொண்ணு அவன் வூட்ல கீது, அவன் பொண்ணு என் வூட்ல கீது. நீ போ சம்பந்தின்னு நானு, நீ போ சம்பந்தின்னு அவன். சொல்லிகினே இருந்தமா, தண்ணி வத்திப்போய் ரெண்டும் மண்ணுல குந்திகிச்சு.”

“பின்னாடி என் படகுல எங்க ஆபீஸ் மானேஜர் குடும்பத்தோட வெயில்ல காஞ்சாரு. எனக்கு அவர் பொண்ணைப் பேசிக்கிட்டிருந்தாங்க. இன்னிக்குக் காலையில வேணாம்னுட்டாரு.”

“தெரியும் சார்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“கரையேறினதும் என்னாண்டதான் கேட்டாரு. பொண்ணு குடுத்தா ஆபீஸ்லயும் இவனுக்கு நான் ஒதுங்கணுமான்னாரு. ஆமான்னேன்.”