பச்சைக்கண் வால்வும் ஜெய்னபின் விண்ணப்பமும்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அறிவுக்கு அரணாய் நிற்கும் ஆன்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டுச் சிதம்பரத்துப் பந்தலுக்கு ஆசையோடு வந்திருக்கும் தாய்மார்களே! அறிவியல் கண்காட்சியின் நிறைவு நாளில், லோகநாயகி டீச்சராகிய நான் பாராட்டுரை வழங்க வரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்! ஏன் சிரிக்கிறீர்கள்? டீச்சருக்குத் தப்பே வராதா?

இன்று காலை, ரேடியோவில் பச்சையாய் மின்னுமே, அந்தப் பச்சைக்கண் வால்வை மேசைமேல் நிறுத்தினோம். உள்ளே சூடேறும் முனையிலிருந்து எலக்ட்ரான் புறப்படும். எதிரிலுள்ள தகட்டில் மோதும். மோதிய இடத்தில் ஒளி பூக்கும். எலக்ட்ரீஷியன் சபாபதி, "பிளஸ்ஸ எங்க குடுக்கறது டீச்சர்?" என்றார். நான் வீராணத்துத் தண்ணீரில் வளர்ந்தவள். தண்ணீர் மேட்டிலிருந்துதானே பள்ளத்துக்கு ஓடும்? பிளஸ்தானே மேடு? "பொறப்படுற எடத்துலயே குடுங்க" என்றேன். கொடுத்தார். இருநூற்றைம்பது வோல்ட்! வந்ததா ஒளி? வரவில்லை! ஊரே பார்க்க எனக்கு வேர்த்துக் கொட்டியது.

அப்போதுதான் முன்னே வந்தாள் எங்கள் பள்ளி இறுதி வகுப்பு மாணவி ஜெய்னப். காட்டுமன்னார்கோயில் அரிசி மில் அப்துல் வதூது அவர்களின் மகள்.

"டீச்சர், எலக்ட்ரான் எதிர்மின்னூட்டமாச்சே! நமக்குப் பள்ளம்னா அதுக்கு மேடு. மைனஸ்ல நின்னாத்தான் அதுக்கு நிலை ஆற்றல் ஜாஸ்தி" என்றாள். சுவிட்சை அணைத்தாள், கம்பிகளை மாற்றவைத்தாள், மறுபடி போட்டாள்.

அடடா, அந்தப் பச்சை! மின்புலம் இழுக்க இழுக்க, நிலை ஆற்றல் குறையக் குறைய, இயக்க ஆற்றல் ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது! குறைந்தது எவ்வளவோ, கூடியது அவ்வளவே! தகட்டைத் தொடும்போது வேகம் என்ன தெரியுமா? நொடிக்கு ஏறத்தாழ ஆறாயிரம் மைல்! தட்டுங்கள் கையை! எனக்கல்ல, அவளுக்கு!

அந்தப் பெண்ணைத்தான் கல்லூரிக்கு அனுப்பமாட்டேன் என்கிறார் அவள் தந்தை. விண்ணப்பத்துக்கு நாளை கடைசி நாள். "பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ படிச்சது போதும் டீச்சர்" என்றார் போன வாரம். வதூது அவர்களே! மூன்றாவது வரிசையில் துண்டால் முகத்தை மூடினால் எனக்குத் தெரியாதா? கோபம் வந்தால் வரட்டும், கேளுங்கள்! பட்டம் பெற்ற நான் தவறினேன். பதினாறு வயது மகள் திருத்தினாள். அவளிடம் ஆற்றலுக்கா பஞ்சம்? அறிவுக்கா பஞ்சம்? வழிதானே இல்லை! அந்த வழியை அடைக்க உங்களுக்கு மனம் வருமா?

என்ன, எழுந்துவிட்டீர்களே! ஏதோ சொல்கிறார், சற்று அமைதி!

"ஃபாரத்தக் குடுங்க டீச்சர், கையெழுத்துப் போடறேன். ஆனா காலேஜுல இருக்கறவுங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. தப்பா சொல்லிக் குடுத்தா எம்மவ சும்மா வுடமாட்டா!"

கேட்டீர்களா தாய்மார்களே! தலைவர் அவர்களே, உங்கள் பேனாவைக் கொடுங்கள், சீக்கிரம்! கையெழுத்தாகும்வரை நான் மைக்கை விடப்போவதில்லை. இதோ... இதோ... போட்டுவிட்டார்! என் பிழையைப் பொறுத்த பெருமக்களுக்கு நெஞ்சம் நிறைந்த நன்றி. என்னைத் திருத்திய ஜெய்னபே, உனக்கு உன் டீச்சரின் வணக்கம்!